லான் போடப் போறீங்களா? மே மாதத் தண்ணீரை முதல்ல கணக்குப் பாருங்க!

வீடு கட்டி முடித்து, கிரகப்பிரவேசமும் ஆகி, காம்பவுண்டுக்கும் வாசலுக்கும் நடுவே கொஞ்சம் மண் மிச்சமிருந்தால் போதும். அங்கே பச்சைப் பசேலென்று ஒரு லான் போட வேண்டும் என்ற ஆசை வந்துவிடுகிறது. செல்போனில் பார்த்த ஏதோ ஒரு ரிசார்ட்டின் படம்தான் மாடல். நர்சரிக்காரரிடம் அதைக் காட்டினால், சதுர அடிக்கு இவ்வளவு என்று சொல்லி, இரண்டே நாளில் மேட் மேட்டாகப் புல்லைக் கொண்டுவந்து இறக்கிவிடுவார். கார்த்திகை, மார்கழி, தை வரை எல்லாம் அழகு. பங்குனி வெயில் ஏறும்போதுதான் வீட்டுக்குள் பஞ்சாயத்து தொடங்கும். "குளிக்கவே தண்ணி இல்ல, புல்லுக்கு ஊத்துறீங்களா?"

படத்தில் இருக்கும் புல் பெரும்பாலும் கேரளாவிலோ, ஊட்டியிலோ, பெங்களூரிலோ வளர்ந்தது. மதுரை, விருதுநகர், திருச்சி, கரூர், வேலூர் பக்கமெல்லாம் கோடையில் வெயில் 40 டிகிரியைத் தொடும், தாண்டவும் செய்யும். மழையோ வருடத்தில் சில மாதங்கள்தான். அந்தப் புல் இங்கே என்ன பாடுபடும் என்று படத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது.

ஒரு சென்ட் புல் எவ்வளவு குடிக்கும்?

கணக்கு எளிதானது. 1 சதுர மீட்டர் தரையில் 1 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது 1 லிட்டர். கடும் வெயில் நாளில், வெயிலைத் தாங்கும் புல் வகையே பச்சையாக இருக்க ஏறத்தாழ 4 முதல் 5 மில்லிமீட்டர் தண்ணீரைக் கேட்கும். ஒரு சென்ட் என்பது சுமார் 40 சதுர மீட்டர். ஆக, ஒரு நாளைக்கு 160 முதல் 200 லிட்டர். பிளாஸ்டிக் குடத்தில் அளந்தால் பன்னிரண்டு குடம் வரும்.

நகரத்தில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்பது அரசின் குடிநீர்த் திட்டங்களில் வைத்திருக்கும் அளவு. ஒரு சென்ட் லான் என்பது, வீட்டில் கூடுதலாக ஓர் ஆளைச் சேர்த்துக்கொள்வதற்கும் மேல். அந்த ஆள் மே மாதத்தில்தான் அதிகம் குடிப்பார். போர் வற்றி, லாரித் தண்ணீருக்குப் போன் போடும் மாதமும் அதுதான்.

அதனால் எந்தப் புல் அழகு என்பதைவிட, கேட்டதில் பாதித் தண்ணீர் மட்டும் கொடுத்தால் எந்தப் புல் உயிரோடு இருக்கும் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

காசு கொடுத்து வாங்கும் அருகு

அப்படிப் பார்த்தால் முதலிடம் அருகம்புல்லுக்குத்தான். நர்சரியில் 'பெர்முடா கிராஸ்' என்று விற்பது நம் அருகேதான். 'சைனோடான் டாக்டைலான்' என்பது அதன் தாவரவியல் பெயர். வயலில் அருகை ஒழிக்கக் கோடை உழவு உழுது, கிழங்கும் வேருமாகப் பொறுக்கி வரப்பில் போட்ட தாத்தா, பேரன் அதையே சதுர அடி விலைக்கு வாங்கிப் போடுவதைப் பார்த்தால் சிரிக்கத்தான் செய்வார். ஆனால், வயலில் தாத்தாவைப் பாடாய்ப் படுத்திய அதே குணம்தான் இங்கே பேரனுக்குக் கைகொடுக்கிறது.

அருகு தரைக்கு மேலே கொடியாக ஓடும். தரைக்குக் கீழேயும் தண்டாக ஓடும். வேர் ஆழமாக இறங்கும். தண்ணீர் நின்றுபோனால் மேலே இலையெல்லாம் காய்ந்து வைக்கோல் நிறமாகிவிடும். கீழே இருக்கும் தண்டு தூங்கிக்கொண்டிருக்கும். ஒரு நல்ல மழை பெய்தால் சில நாள்களில் துளிர்த்துவிடும். குழந்தைகள் ஓடி ஆடினாலும், பைக்கை ஏற்றி இறக்கினாலும், மிதிபட்ட இடத்தைத் தானே மூடிக்கொள்ளும்.

கோல்ஃப் மைதானங்களில் போடும் சன்ன இலை ரகங்களும் அருகின் உறவுதான். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் டிஃப்டன் என்ற ஊரில் உருவாக்கப்பட்டதால் 'டிஃப்வே', 'டிஃப்ட்வார்ஃப்' என்று அவற்றுக்குப் பெயர். இந்த ஒட்டு ரகங்கள் முளைக்கும் விதை தராது. கொடியாகவோ மேட்டாகவோ வாங்கித்தான் நட வேண்டும். அவற்றின் விதை என்று யாராவது பாக்கெட் நீட்டினால் வாங்க வேண்டாம்.

அருகுக்கு இரண்டு குறை உண்டு. ஒன்று, நிழல் ஆகவே ஆகாது. தினம் ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். வேப்பமரத்தடியிலோ, இரண்டு மாடிக் கட்டடத்தின் வடக்குப் பக்கத்திலோ போட்டால் நாலு மாதத்தில் சொட்டை விழும். இரண்டு, பக்கத்தில் இருக்கும் ரோஜாப் பாத்திக்குள் சொல்லாமல் கொள்ளாமல் நுழைந்துவிடும். பாத்தி ஓரத்தில் அரையடி ஆழத்துக்குச் செங்கல்லோ கல்லோ பதித்துவிட்டால், மேலே எட்டிப்பார்ப்பதை மட்டும் அவ்வப்போது வெட்டினால் போதும்.

மெக்சிகன், கொரியன், கார்பெட்…

நர்சரிகளில் இந்தப் பெயர்களில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை 'ஜோய்சியா' என்ற குடும்பப் புற்கள். மெக்சிகோவுக்கும் இவற்றுக்கும் சம்பந்தமில்லை. கிழக்கு ஆசியா, தென்கிழக்கு ஆசியாதான் பூர்வீகம். இலை நெருக்கமாக இருப்பதால் மெத்தைபோல இருக்கும். மிக மெதுவாக வளர்வதால் அடிக்கடி வெட்ட வேண்டியதில்லை. கொஞ்சம் நிழலைத் தாங்கும், உப்புத் தண்ணீரையும் ஓரளவு தாங்கும். வாரம் ஒருமுறை புல் வெட்ட ஆள் கிடைக்காத வீட்டுக்கு இது வசதி.

ஆனால், அந்த மெதுவான குணமே கோடையில் எதிரியாகிவிடுகிறது. ஜோய்சியாவும் காய்ந்து துளிர்க்கக்கூடியதுதான். இருந்தாலும் நீண்ட வறட்சியை அருகு அளவுக்குத் தாங்காது. பழுத்துவிட்டால் மீண்டு வரவும் நாளாகும். சொட்டை விழுந்த இடம் மூட மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கொரியன் புல் என்று விற்கும் ஊசி இலை வகை, வெட்டாமல் விட்டால் குட்டிக் குட்டி மேடாகப் பொம்மிக்கொள்ளும். பார்க்க அழகு. வயதானவர்கள் அதன்மேல் நடந்தால் கால் தடுக்கும். வீட்டில் பாட்டி இருந்தால் இதையும் யோசிக்க வேண்டும்.

'பஃபல்லோ' என்று கேட்டு வாங்குவதில் இன்னொரு குழப்பம். ஆஸ்திரேலியாவில் அந்தப் பெயரில் இருப்பது அகல இலை கொண்ட ஒரு புல். அமெரிக்காவில் அதே பெயரில் இருப்பது சன்ன இலை கொண்ட, வறட்சி தாங்கும் வேறொரு புல். இங்கே அந்தப் பெயரில் அகல இலைப் புல்லைக் கொடுத்தால், அது நிழலைத் தாங்கும் என்பது உண்மை. தண்ணீரைக் குறைத்தால் தாங்காது என்பதும் உண்மை. பெயரை விட்டுவிட்டு இலையைப் பார்த்து வாங்குவதே நல்லது.

ராமநாதபுரம், தூத்துக்குடிப் பக்கம் போரில் உப்புத் தண்ணீர்தான் வருகிறது என்றால் 'பாஸ்பாலம்' என்ற கடலோரப் புல் ஒரு வழி. 2022-ல் கத்தாரில் நடந்த உலகக் கோப்பைக் கால்பந்து மைதானங்களில் போட்டது இந்த வகையைத்தான். உப்பை அது தாங்கும். அதற்காகத் தண்ணீரே வேண்டாம் என்று அர்த்தமில்லை.

பழுத்தால் செத்துவிட்டதா?

சித்திரையில் லான் பழுப்பாகிவிட்டதும் பல வீடுகளில் பதறிப்போய் காலை, மாலை இரண்டு வேளையும் ஹோஸைப் பிடிக்கிறார்கள். தினம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால் வேர் மேலேயே நின்றுவிடும். ஒரு நாள் தவறினாலும் வாடிவிடும். மூன்று, நான்கு நாளுக்கு ஒருமுறை, அதிகாலையில், அரையடி ஆழம் நனையும்படி ஊற்றுவதுதான் சரி. ஊற்றிய பிறகு ஒரு ஸ்க்ரூடிரைவரை மண்ணில் குத்திப் பார்த்தால், எதுவரை சுலபமாக இறங்குகிறதோ அதுவரை ஈரம் போயிருக்கிறது.

அதற்கும் தண்ணீர் இல்லையென்றால், அருகம்புல்லைப் பொறுத்தவரை பழுக்கவிடலாம். கொத்தாகப் பிடித்து லேசாக இழுத்துப் பாருங்கள். கையோடு வராமல் பிடித்துக்கொண்டிருந்து, அடித்தண்டு வெளிறிய பச்சையாகவோ வெண்மையாகவோ இருந்தால் உயிர் இருக்கிறது. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை நன்றாக நனைத்தால் போதும். அந்தச் சமயத்தில் உரம் போடக் கூடாது, ஒட்ட வெட்டவும் கூடாது.

வாஷிங் மெஷினின் கடைசி அலசல் தண்ணீரை விடலாம். சோப்பு நுரையோடு வரும் முதல் தண்ணீர் வேண்டாம். ஆர்.ஓ. மெஷின் வெளியேற்றும் தண்ணீரில் உப்பு கூடுதலாக இருக்கும். ஏற்கெனவே போர் தண்ணீர் உப்பாக இருக்கும் வீட்டில் அதையும் சேர்த்து ஊற்றினால், மண்மேல் வெள்ளையாகப் பூத்துவிடும்.

புல்லே வேண்டுமா?

பாலைவன நகரமான லாஸ் வேகாஸ் இருக்கும் நெவாடா மாநிலம் 2021-ல் ஒரு சட்டம் போட்டது. அலுவலக வாசல், சாலை நடுவே என்று யாரும் நடக்காத, விளையாடாத அலங்காரப் புல்லுக்கு 2027 தொடக்கத்திலிருந்து கொலராடோ ஆற்றுத் தண்ணீரைப் பாய்ச்சக் கூடாது. தனி வீடுகளுக்கு இந்தத் தடை இல்லை. ஆனால், வீட்டுக்காரர்களே புல்லை எடுத்துவிட்டுத் தண்ணீர் குறைவாகக் கேட்கும் செடிகளை வைத்தால், சதுர அடிக்கு இவ்வளவு டாலர் என்று அங்குள்ள குடிநீர் ஆணையம் பணம் கொடுக்கிறது.

இங்கே பணம் யாரும் தரப்போவதில்லை. ஆனாலும் அந்தக் கேள்வியை நம் வாசலிலும் கேட்கலாம். குழந்தைகள் விளையாடும், மாலையில் நாற்காலி போட்டு உட்காரும் 200 சதுர அடிக்கு மட்டும் புல். மற்ற இடத்தில் செம்பருத்தி, அரளி, நந்தியாவட்டை என்று வைத்தால் தண்ணீர்ச் செலவு நன்றாகக் குறைந்துவிடும். மரத்தடியில் புல்லோடு மல்லுக்கட்ட வேண்டாம். கல் பதித்து ஒரு திண்ணை கட்டலாம். பிளாஸ்டிக் புல் போடலாமே என்று கேட்பவர்களுக்கு: நல்ல வெயிலில் அதன் மேற்பரப்புச் சூடு 60 டிகிரியைத் தாண்டிவிடும். வெறுங்காலோடு ஓடும் குழந்தைக்கு அது தோசைக்கல்.

புல்லுக்குப் பதிலாக இன்னொன்றும் இருக்கிறது, நம் ஊர்ப் பொடுதலை. பொடுகுக்கு எண்ணெய் காய்ச்சுவார்களே, அதேதான். தரையோடு படரும், வெயிலையும் உப்பையும் தாங்கும். இதிலிருந்து ஜப்பானில் உருவாக்கிய 'குராப்பியா' என்ற ரகத்தைக் கலிஃபோர்னியாவில் புல்லுக்குப் பதிலாகப் போடுகிறார்கள். பூக்கும்போது தேனீ வரும் என்பதால், குழந்தைகள் விளையாடும் இடத்தில் மட்டும் வேண்டாம். ஆஸ்திரேலியாவில் இதன் நெருங்கிய உறவான ஒரு செடி ஆற்றங்கரைகளில் பரவித் தொல்லை தரும் களை. எனவே ஓரத்தில் தடுப்பு இல்லாமல் விடக் கூடாது.

நடுவதற்கு முன்

மண்ணில் கோரைக்கிழங்கு இருந்தால் எந்தப் புல்லும் தோற்கும். வெளியிலிருந்து வண்டி மண் வாங்கிக் கொட்டினால் கோரையும் கூடவே வரும். கொத்திவிட்டு, தண்ணீர் தெளித்து, இரண்டு வாரம் சும்மா விடுங்கள். முளைப்பதைக் கிழங்கோடு எடுங்கள். இதை இரண்டு மூன்று முறை செய்த பிறகே நட வேண்டும். வடகிழக்குப் பருவமழையை நம்பி ஆவணி, புரட்டாசியில் நட்டால், வேர் பிடிக்கும் காலத்துத் தண்ணீரை வானமே கொடுத்துவிடும்.

மேட் வாங்கப் பணம் இல்லாதவர்களுக்குப் பழைய முறை ஒன்று உண்டு. நறுக்கிய அருகம்புல் இரண்டு கூடை, தோட்டத்து மண் ஒரு கூடை, பச்சைச் சாணம் ஒரு கூடை, ஒரு மண்வெட்டி அளவு மரச் சாம்பல். தண்ணீர் விட்டுக் கெட்டியாகக் குழைத்து, சமன் செய்து நனைத்த தரையில் ஓர் அங்குலக் கனத்துக்குப் பூசி, முளைத்துப் பரவும்வரை காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். புல்லை வயல் வரப்பிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். கோரை கலக்காமல் பார்த்துப் பொறுக்க வேண்டும்.

மேட்தான் வேண்டும், ஆனால் எந்த வகை என்று முடிவாகவில்லை என்றால், மாசி மாதம் இரண்டு வகையில் ஒவ்வொரு மேட் மட்டும் வாங்கி, வெயில் படும் இடத்தில் பக்கம் பக்கமாகப் பதித்துவிடுங்கள். பங்குனிவரை நன்றாகத் தண்ணீர் ஊற்றி வேர் பிடிக்கவிட்டு, சித்திரையில் உங்களால் முடிந்த அளவுக்கு மட்டும் ஊற்றுங்கள். எது தாக்குப்பிடித்தது என்று வைகாசியில் பார்த்துவிட்டு, மீதி மேட்டுக்கு ஆவணியில் ஆர்டர் கொடுக்கலாம்.