முகவரி இல்லாத மனிதர் உண்டா?

"உங்கள் முகவரி என்ன?" நாம் அன்றாடம் கேட்கும் எளிய கேள்வி இது. ஆனால், தற்காலிக விசாவில் வேற்று நாட்டில் பிழைக்கும் ஒருவருக்கு இதைவிடக் கடினமான கேள்வி இருக்க முடியாது. தாம் எங்கே தங்கியிருக்கிறோம் என்பது அவருக்குத் தெரியும். அதைத் தாளில் மெய்ப்பிப்பதுதான் பெரும்பாடு. தமிழர் பலரும் வேலை செய்து வாழும் இத்தாலி நாட்டை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதைச் சற்றுச் சிந்திப்போம்.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியேயிருந்து நீண்டகால விசாவில் இத்தாலிக்கு வருபவர், 8 வேலை நாள்களுக்குள் தங்கும் அனுமதிச் சீட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அவருக்கு வீட்டில் இடம் கொடுத்தவர், 48 மணி நேரத்துக்குள் அதை எழுத்து மூலம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். அதன் பிறகு நகராட்சியின் மக்கள் பதிவேட்டில் பெயரும் முகவரியும் ஏற வேண்டும். விண்ணப்பித்த 2 வேலை நாள்களில் பெயர் பதிவாகும். அவர் உண்மையிலேயே அங்கு வசிக்கிறாரா என்பதை 45 நாள்களுக்குள் நகராட்சி சரிபார்க்கும். அனுமதிச் சீட்டைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும், 60 நாள்களுக்குள் இருப்பிடத்தை மீண்டும் உறுதிசெய்ய வேண்டும்.

கேட்பதற்கு ஒழுங்கான ஏற்பாடாகவே தோன்றுகிறது. அப்படியானால் சிக்கல் எங்கே?

ஒருவர் வழக்கமாக எங்கு வாழ்கிறாரோ அதுவே அவரது இருப்பிடம் என்கிறது இத்தாலியின் உரிமையியல் சட்டம். அதாவது, வாழ்வதே ஆதாரம். ஆனால், பிறர் கட்டடங்களை ஆக்கிரமித்திருப்போர் அங்கே தங்கள் இருப்பிடத்தைப் பதிவுசெய்ய முடியாது என்று 2014ஆம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது. ஆக்கிரமிப்பைத் தடுப்பதே அதன் நோக்கம். அதன் சுமையோ, ஒழுங்காக வாடகை கொடுப்பவர்மீதும் விழுந்தது. அந்த வீட்டில் இருக்கத் தமக்கு உரிமை உண்டு என்பதற்கு வாடகை ஒப்பந்தத்தையோ வீட்டு உரிமையாளரின் கையெழுத்தையோ அவர் காட்டவேண்டியிருக்கிறது. வரி கட்ட விரும்பாமல் ஒப்பந்தத்தைப் பதிவுசெய்யாத உரிமையாளர் கையெழுத்திடுவாரா? மாதந்தோறும் வாடகையை வாங்கிக்கொள்ளும் கை, "இவர் என் வீட்டில் இருக்கிறார்" என்று ஒரு வரி எழுத மறுக்கிறது. இந்த இடைவெளியில், முகவரியைப் பணத்துக்கு விற்பவர்களும் நுழைந்துவிடுகிறார்கள்.

இதனால் வரும் இழப்பு சிறியதல்ல. பதிவு இல்லையேல் நகராட்சி தரும் அடையாள அட்டை இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேராதவர் இத்தாலியக் குடியுரிமை கேட்க 10 ஆண்டுகள் அங்கு வசித்திருக்க வேண்டும் என்கிறது 1992ஆம் ஆண்டுச் சட்டம். அதிலும் பதிவேட்டில் பெயர் இருந்த ஆண்டுகளே கணக்கில் சேரும். ஒரு முதியவரை இரவும் பகலும் கவனித்துக்கொண்டு அவர் வீட்டிலேயே தங்கும் ஒரு பெண்ணை எண்ணிப் பார்ப்போம். மூன்று ஆண்டுகள் பதிவின்றி இருந்தால், அவர் உழைத்த அந்த மூன்று ஆண்டுகளும் இல்லாதவையாகிவிடும். இந்த 10 ஆண்டுகளை 5ஆகக் குறைக்க 2025 ஜூன் 8, 9 நாள்களில் நடந்த பொது வாக்கெடுப்பும், போதிய மக்கள் வாக்களிக்காததால் செல்லாமல் போனது.

பதிவை மறுத்தால் நாடு பாதுகாப்பாக இருக்கும் என்று எண்ணுவோரும் உண்டு. 2018ஆம் ஆண்டு இத்தாலிய அரசு, புகலிடம் கோருவோர் பதிவேட்டில் சேரும் வழியை அடைத்தது. 2020 ஜூலையில் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் அதை நீக்கியது. அது சமத்துவத்துக்கு எதிரானது என்பது ஒரு காரணம். மற்றொரு காரணம் நம் கவனத்துக்குரியது. பதிவை மறுத்தால், யார் எங்கே இருக்கிறார்கள் என்று அரசு அறியும் வழியே அடைபடும். பாதுகாப்பு என்ற நோக்கமே கெடும் என்று நீதிமன்றம் சுட்டிக்காட்டியது.

உரோமை நகரில் 'மொதெஸ்தா வலேந்தி தெரு' என்று ஒன்று உண்டு. நகர் முழுவதும் நடந்து தேடினாலும் அதைக் காண முடியாது. வீடற்றோருக்கு முகவரி தருவதற்காகப் பதிவேட்டில் மட்டுமே உருவாக்கப்பட்ட தெரு அது. 1983 ஜனவரியில் உரோமையின் தெர்மினி இரயில் நிலையம் அருகே நோயுற்றுக் கிடந்த ஒரு வீடற்ற மூதாட்டியின் பெயர் அது. அவர் அழுக்காக இருந்ததால் மருத்துவ ஊர்தியில் ஏற்ற மறுத்தார்கள். அவர் அங்கேயே இறந்துபோனார். சான் எஜிதியோ குழுமத்தினர் ஆண்டுதோறும் அவரை நினைத்துச் செபிக்கின்றனர். யாரும் ஏற்றுக்கொள்ளாத ஒருவரின் பெயர், பலருக்கு முகவரியாகிவிட்டது. மனம் இருந்தால் சட்டத்துக்குள்ளேயே வழி இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2020ஆம் ஆண்டு வெளியிட்ட 'அனைவரும் உடன்பிறந்தோர்' என்ற திருமடலில், புலம்பெயர்ந்தோரை வரவேற்கவேண்டும் என்று பொதுவாகச் சொல்லி நிறுத்திவிடவில்லை. விசா நடைமுறையை எளிதாக்குவது, தகுந்த உறைவிடம், அடையாள ஆவணங்களைத் தம்மிடமே வைத்திருக்கும் உரிமை, வங்கிக் கணக்கு தொடங்கும் வாய்ப்பு என ஒவ்வொன்றாக எடுத்துரைத்தார். ஏழையின் மாண்பு இத்தகைய சிறு தாள்களில்தான் காக்கப்படுகிறது, அல்லது பறிக்கப்படுகிறது.

பெயரைப் பதிவுசெய்யப் பெத்லகேமுக்குச் சென்ற ஒரு குடும்பத்துக்கு விடுதியில் இடம் கிடைக்கவில்லை என்பதை ஒவ்வொரு கிறிஸ்து பிறப்பு விழாவிலும் நினைவுகூர்கிறோம். நம்மிலும் வீடு வாடகைக்கு விடுவோர் உண்டு. வெளியூரிலிருந்து பிழைக்க வந்தவர் வாடகை ஒப்பந்தமோ இரசீதோ கேட்டால் என்ன பதில் சொல்கிறோம்? நம் ஒரு கையெழுத்து அவருக்கு ஒரு முகவரி. அதை மறுக்காதிருப்போம்.