மறதியும் நம் அறியாமையும்

முதுமை வந்தால் மறதி வருவது இயல்பென்றும், அதனை நோயென ஆராய்வது செல்வ நாடுகளின் வேலையென்றும் கூறுவார் நம் விரிவுரை மண்டபங்களிலும் உளர். 1906 ஆம் ஆண்டு ஜெர்மானிய வைத்தியர் அலோய்ஸ் அல்சைமர், இறந்த நோயாளி ஒருத்தியின் மூளையில், நரம்புக் கலங்களுக்கு வெளியே படிவுகளையும் உள்ளே முறுக்குண்ட இழைகளையும் கண்டார். அவளுக்கு வயது 55. இதையா முதுமை என்பது?

இன்னொரு சாரார், நம் கிராமங்களில் இந்நோய் அரிதென்பர். அவர்கள் காட்டத்தக்க சான்று ஒன்று உண்டு. 2008 இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்றில், அமெரிக்க உளமருத்துவ வரையறைப்படி இந்தியக் கிராமப்புற முதியோருள் மறதிநோயாளர் நூற்றுக்கு 0.3 மட்டுமே. அதே மக்களை, எழுத்தறியாதோர்க்கும் பொருந்துமாறு அமைத்த வேறொரு முறையால் அளந்தபோது அத்தொகை பன்மடங்காயிற்று. இதில் வியப்பென்ன? மருமகள் அடுப்பைப் பொறுப்பேற்ற வீட்டில் மாமியார் எதை மறந்தார் என்று யார் அறிவார்? இலங்கையிலேயே, ராகமையில் நிகழ்ந்து 2003 இல் வெளியான ஆய்வு, 65 வயதைக் கடந்தோருள் நூற்றுக்கு ஏறத்தாழ நால்வரிடம் மறதிநோயைக் கண்டது. அவருட் பெரும்பாலோர்க்கு அல்சைமர் நோயே.

மன்னார்ப் பெருநிலத்துப் பெரியமடுவில் ஒரு மூதாட்டியிடம் சென்று, நூறிலிருந்து ஏழேழாகக் கழித்து வரும்படி கேட்டால், அவர் நம் அறிவையே ஐயுறுவார். அக்கேள்வி அளப்பது அவர் காணாத பள்ளிக்கூடத்தை. ஆயினும் பள்ளிக்கூடத்துக்கும் மூளைக்கும் உறவில்லையென்று நான் சொல்லவில்லை. லான்செற் ஆணைக்குழு 2024 இல் வகுத்த 14 ஆபத்துக் காரணிகளுள் இளமையிற் கல்வி குன்றுதலும் ஒன்று. 1990 இல் வடபுல முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டனர். 2009 வரை போர் மன்னாரை அலைத்தது. அவ்வாண்டுகளிற் பள்ளியிழந்த பிள்ளைகள் பலர் இன்று நடுவயதினர். மூளைப் படிவுகளோ, அறிகுறி தோன்றுவதற்கு 15, 20 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிடுகின்றன.

மேனாட்டார் காரணத்தைக் கண்டுவிட்டனர், மருந்து வந்தாற் போதும் என்பதும் பொருந்தாது. அமிலொயிட் படிவே மூலம் என்ற கருதுகோள் 1992 முதல் இத்துறையை ஆண்டது. அதற்கு முட்டுக்கொடுத்த 2006 ஆம் ஆண்டுக் கட்டுரையொன்று, படங்களிற் கைவைக்கப்பட்டிருந்தமையால் 2024 இல் மீளப்பெறப்பட்டது. கருதுகோள் அதனால் வீழ்ந்துவிடவில்லை. எனினும் அமிலொயிட்டை அகற்றும் லெக்கனெமாப் மருந்து, 18 மாதச் சோதனையில் நலிவின் வேகத்தை 27 சதவீதம் குறைத்ததேயன்றி நிறுத்தவில்லை. படிவு நிறைந்த மூளையோடு தெளிவாக வாழ்ந்து இறந்தோரும் உளர். அவர்களைக் காத்தது கல்வியா, உணவா, குருதிக்குழாய்களின் நலமா? ஒரேவகை மக்களை மட்டும் ஆராய்ந்து இதற்கு விடை காண முடியாது. நம் மருத்துவ பீடங்கள் பெரியமடுவுக்கு ஒரு வினாக்கொத்தையாவது எடுத்துச் செல்லட்டும். கழித்தற் கணக்கை விட்டு, சென்ற போகத்தில் என்ன விதைத்தீர்கள் என்று கேட்கட்டும்.