மணி அடித்தது; வாயில் திறக்கவில்லை!

தோழர்களே!

"ஆலையில் தீ அபாய மணி பொருத்தியாயிற்று, சான்றிதழ் சுவரில் தொங்குகிறது, இன்னும் என்ன வேண்டும் உங்களுக்கு?" என்று கேட்கின்றனர் முதலாளிமார். பாதுகாப்பு விதிகளைத் திருத்துகிறார்கள் என்ற செய்தி காதில் விழுந்தாலோ, "தொழில் நசிந்துவிடும்! வாரந்தோறும் மணியைச் சோதித்தால் உற்பத்தி என்னாவது? அதற்குப் பதிவேடு வேறா?" என்று ஓலமிடுகின்றனர்.

இந்த ஓலத்திற்கு விடை டாக்கா நகரின் புறத்தே, ஆஷுலியாவில், சாம்பலில் எழுதப்பட்டிருக்கிறது.

2012 நவம்பர் 24, சனிக்கிழமை மாலை. தஸ்ரீன் ஃபேஷன்ஸ் என்னும் ஆயத்த ஆடை ஆலையின் கீழ்த்தளத்தில் குவிந்திருந்த நூலிலும் துணியிலும் தீ மூண்டது. மணி அடித்தது. ஆம், தோழர்களே, மணி அடிக்கத்தான் செய்தது! தையல் இயந்திரங்களை விட்டு எழுந்த பெண்களை நோக்கி நிர்வாகத்தின் ஆட்கள் சொன்னது என்ன? "ஒன்றுமில்லை, உட்கார்ந்து வேலையைப் பாருங்கள்" என்பதே. வாயில்கள் பூட்டப்பட்டிருந்தன. உள்ளிருந்த மாடிப்படிகள் தீப்பிடித்த கீழ்த்தளத்திற்கே இறங்கின. வெளிப்புறமாக இறங்கித் தப்ப வழி கிடையாது. 112 பேருக்குக் குறையாமல் மாண்டனர். உயிர் தப்பியோர் சொன்னார்கள். அரசாங்க விசாரணையும் நிர்வாகத்தின் கொடிய அலட்சியத்தையே சுட்டிக் காட்டிற்று.

"ஒன்றுமில்லை" என்று சொல்லும் துணிவு அவர்களுக்கு எங்கிருந்து வந்தது? கேட்பவர் அதை நம்பவேண்டி வந்தது ஏன்? இங்கேதான் சோதனை, பராமரிப்பு என்பவற்றின் உட்பொருள் இருக்கிறது.

துணி ஆலையின் காற்றில் பஞ்சுத் தூசு பறக்கிறது. புகையை உணரும் கருவிக்குள் அது படிகிறது. துடைப்பாரின்றி விட்டால் இரண்டில் ஒன்று நேரும்: தீயே இல்லாதபோது மணி அடிக்கும்; அல்லது தீயிருந்தும் அடிக்காது. பொய்யாகப் பத்து முறை அடித்த மணியைப் பதினோராவது முறை யார் நம்புவார்? "பொய் மணியால் உற்பத்தி கெடுகிறது" என்று புலம்பும் முதலாளியே, அந்தப் பொய்யை வளர்த்தது உன் சிக்கனம் அன்றோ?

பிரிட்டனில் 2025-ஆம் ஆண்டு திருத்தி வெளியிடப்பட்ட பி.எஸ். 5839 முதற்பகுதி என்னும் தரவிதி சொல்வதைப் பாருங்கள். வாரம் ஒருமுறை, வேலை நேரத்தில், ஏறத்தாழ ஒரே மணி வேளையில், ஓர் அபாயப் பொத்தானை இயக்கி மணியை ஒலிக்கச் செய்ய வேண்டும். வாரத்திற்கு ஒரு பொத்தானாக, எல்லாப் பொத்தான்களும் முறைவைத்துச் சோதிக்கப்பட வேண்டும். ஏறக்குறைய ஆறு மாதத்திற்கு ஒருமுறை தேர்ந்தவர் வந்து முழு அமைப்பையும் பரிசோதிக்க வேண்டும். மின்சாரம் நின்றாலும் மணியை ஒலிக்க வைக்கும் பேட்டரியையும் அவர் பார்க்க வேண்டும். கண்டதையெல்லாம் பதிவேட்டில் எழுத வேண்டும்.

ஒரே மணி வேளை எதற்கு? புதன்கிழமை காலை பத்து மணிக்கு அடித்து உடனே நின்றால் அது சோதனை என்று ஆலை முழுதும் அறியும். வேறெந்த நேரத்தில் அடித்தாலும் அது தீ! அப்போது எந்த மேஸ்திரியாலும் "ஒன்றுமில்லை" என்று சொல்லி எவரையும் உட்கார வைக்க முடியாது. சிலநொடிச் சோதனை தொழிலாளியின் கையில் கொடுக்கும் ஆயுதம் அது. அதைத்தான் "உற்பத்தித் தடை" என்கிறார்கள்!

சான்றிதழ் இருக்கிறதே என்பார்கள். 2012 செப்டம்பர் 11-இல் கராச்சியின் பல்தியா பகுதியில் எரிந்த அலி எண்டர்பிரைசஸ் ஆலையிலும் சான்றிதழ் இருந்தது. எஸ்.ஏ. 8000 என்ற சர்வதேச நற்சான்று கிடைத்துச் சில வாரங்களே ஆகியிருந்தன. அங்கே 250-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். தீ வைக்கப்பட்டது என முடிவு செய்து 2020-இல் நீதிமன்றம் இருவருக்கு மரண தண்டனை விதித்தது. நன்று! தீ வைத்தவர் யாராயினும், சன்னல்களுக்குக் கம்பி அடித்தது யார்? கதவுகளைப் பூட்டியது யார்? அத்தகைய ஆலைக்கு நற்சான்று வழங்கியது யார்? காசு கொடுப்பவரைக் காசு வாங்குபவர் சோதிக்கும் முறையில் வேறென்ன விளையும்?

மாற்று வழி உண்டா? உண்டு. 2013 ஏப்ரல் 24-இல் ராணா பிளாசா இடிந்து 1,134 பேர் மடிந்த பின், உலகத் தொழிற்சங்கங்களும் ஆடை வாங்கும் நிறுவனங்களும் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. சுதந்திரமான பரிசோதகர்கள் வந்தார்கள், அறிக்கைகள் பகிரங்கமாயின, ஆபத்தான இடத்தில் வேலை செய்ய மறுக்கும் உரிமை ஏட்டில் ஏறிற்று. 2014-இல் மட்டும் 1,100-க்கும் மேற்பட்ட ஆலைகளில் 80,000-க்கும் மேற்பட்ட குறைபாடுகள் வெளிவந்தன. அவை அனைத்தும் முன்பே இருந்தவை; பார்ப்பதற்குத்தான் கண் இல்லை!

ஆயினும் அந்தக் கண்ணுக்கும் எல்லை இருந்தது. ஏற்றுமதி ஆடை ஆலைக்கு வெளியே அது செல்லவில்லை. 2021 ஜூலை 8-இல் ரூப்கஞ்சில் உணவுப் பண்ட ஆலை ஒன்று எரிந்தது. மாடிப்படியின் கதவு பூட்டியிருந்தது. 50-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களுள் சிறுவர்களும் இருந்தனர். சட்டை தைப்பவரின் உயிருக்கு ஒரு விதி, பண்டம் செய்பவரின் உயிருக்கு ஒரு விதியா?

இது வங்கத்தோடு நின்ற கதையும் அன்று. 1911 மார்ச் 25-இல் நியூயார்க்கின் டிரையாங்கிள் ஆடை ஆலையில் 146 பேர் இறந்தனர். எட்டாம் தளத்தில் மூண்ட தீயைப் பற்றி முதலாளிகள் இருந்த பத்தாம் தளத்திற்குத் தொலைபேசியில் செய்தி போயிற்று. இடையே ஒன்பதாம் தளத்தில் உழைத்தவர்களுக்கு எச்சரிக்கை போகவில்லை. செய்தி யாருக்கு எட்டுகிறது, யாருக்கு எட்டவில்லை என்பதே வர்க்கக் கேள்விதான், தோழர்களே!

ஆகவே நம் கோரிக்கை தெளிவானது. மணியைச் சோதிக்கும்போது தொழிலாளரின் பிரதிநிதி உடனிருக்க வேண்டும். பதிவேட்டில் அவரும் கையொப்பமிட வேண்டும். கேட்கும் தொழிலாளிக்கு அதைக் காட்ட வேண்டும். மணி அடித்தால் எவர் அனுமதியுமின்றி வெளியேறும் உரிமை வேண்டும். அதற்காக ஒரு நாழிகைக் கூலியும் பிடிக்கக் கூடாது. வேலை நேரத்தில் வாயிலைப் பூட்டுவது கொலைக் குற்றத்திற்கு நிகராகக் கருதப்பட வேண்டும்.

சங்கத் தோழர்கள் நாளைத் திங்களன்றே தொடங்கலாம். உங்கள் ஆலையின், ஆஸ்பத்திரியின், அலுவலகத்தின் நிர்வாகியிடம் சென்று ஒரே கேள்வி கேளுங்கள்: "இந்த மணி கடைசியாக என்றைக்கு அடித்தது? பதிவேட்டைக் காட்டுங்கள்." அவர் விழித்தால், போராட்டத்தின் முதற் கோரிக்கை உங்கள் கையில் கிடைத்துவிட்டது என்று பொருள்.

மணி முதலாளியின் சுவரில் தொங்கலாம். அது ஒலிக்க வேண்டியது நம் செவிக்கு. வாயில் திறக்க வேண்டியது நம் உயிருக்கு. இரண்டின் காவலையும் நாமே ஏற்போம்!