சிலாவத்துறைக் கொட்டும் இன்றைய தொழிற்சாலையும்

நம் கல்லூரியின் பழைய மாணவர் பலர் இன்று தொழிற்சாலைகளை நடத்துகின்றனர். பயில்வோருட் பலர் நாளை நடத்துவர். அவர்தம் சிந்தனைக்கு ஒன்றை முன்வைக்க விரும்புகின்றோம்.

பல ஆலைகளிற் கொள்வனவுக்கு ஒரு மென்பொருளும், களஞ்சியத்துக்கு வேறொன்றும், உற்பத்திக்குப் பிறிதொன்றுமாகப் பழைய நிரல்கள் தனித்தனியே இயங்குகின்றன. களஞ்சியம் நூறு சுருள் துணி உண்டென்னும். உற்பத்திப் பகுதி எழுபதே என்னும். இடையில் நின்று விழிப்பவர் எழுதுவினைஞரே. இவற்றை அகற்றி, யாவற்றையும் ஒரே கணக்கில் இணைக்கும் முறைமையை நிறுவுதல் வேண்டுமென்பதில் எமக்கு ஐயமில்லை. உலகின் ஆலைகள் பல நம்பியிருந்த சாப் நிறுவனத்தின் பழைய தொகுதிக்குரிய பொதுப் பராமரிப்பு 2027ஆம் ஆண்டிறுதிவரையே என அந்நிறுவனம் அறிவித்துள்ளது. ஆதலின் காலந்தாழ்த்தலும் தகாது.

ஆயினும், புதியதை வாங்கிய அளவிற் கணக்கு ஒன்றாகிவிடுமோ? 1999ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹெர்ஷி இனிப்பு நிறுவனம், விற்பனை மிகும் பருவத்தை அண்டிய யூலை மாதத்திற் புதிய முறைமையைத் தொடக்கிற்று. சரக்கு இருந்தும், ஏறத்தாழ 10 கோடி டொலர் பெறுமதியான கட்டளைகளை நிறைவேற்ற இயலாது இடருற்றது. உபரிச் சரக்கை வைக்கும் இடங்கள் சில முறைமையிற் பதியப்படாதிருந்தமையும் ஒரு காரணமெனப் பின்னர்ச் செய்திகள் வெளிவந்தன. அவ்விடங்களை அறிந்தவர் தொழிலாளர். அவர் அறிவு கணினியை எட்டவில்லை.

இனி நம் மன்னார்க் கரையை நோக்குவோம். 19ஆம் நூற்றாண்டின் இறுதிப்பகுதியிற் சிலாவத்துறை, மரிச்சுக்கட்டிக் கரைகளில் நடந்த முத்துக்குளிப்பிலே, கரையேறிய சிப்பிகள் யாவும் கொட்டு என்னும் வேலியடைப்புக்குட் சென்றன. குளிகாரர் தாமே அவற்றை மூன்று குவியலாகப் பிரிப்பர். அவர்க்குரிய குவியல் எதுவென்று சுட்டுபவர் அரச அலுவலர். பிரிப்பவன் ஒருவன், தெரிபவன் வேறொருவன். ஆதலிற் குவியல்கள் சமமாயின. அரசின் பங்கு எண்ணப்பட்டு ஆயிரக்கணக்கில் ஏலம் போயிற்று. கணினியின்றியே, கரையில் எழுந்த எண் ஏலம்வரை திரியாது சென்றது.

முறைமையின் உயிர் இதுவே: எண் பிறக்குமிடத்தில் உண்மை இருத்தல் வேண்டும். ஆகவே மென்பொருளை மாற்றுமுன் களஞ்சியத்தை நேரில் எண்ணுக. பழைய நிரலின் குறைகளை நன்கறிந்த எழுதுவினைஞரை முதலிற் கேட்க. அவரை நீக்குதற்கு அவசரப்படற்க. வேலை மிகுந்த பருவத்தைத் தவிர்த்துப் பழையதையும் புதியதையும் சிலகாலம் அருகருகே இயக்கி ஒப்புநோக்குக.

கணினி பயிலும் இளைஞர்க்கும் ஒரு சொல்: நிரல் எழுதுமுன் களஞ்சிய வாயிலில் ஒருநாள் நின்று பாருங்கள். அங்கு கற்பது ஏட்டில் இல்லை.