நாய்க்குத் திடீரென்று கண் தெரியாமல் போனால்



இந்த மாதக் கடிதங்களில் ஒன்று செம்பனைத் தோட்டத்திலிருந்து வந்திருக்கிறது. ஆறு வயது நாயாம். இரண்டு மூன்று வாரமாகச் சோறு சரியாகத் தின்னவில்லை, உடம்பும் இளைத்துவிட்டது. ஒரு நாள் விடியற்காலையில் தூணில் போய் முட்டிக்கொண்டது. கூப்பிட்டால் வாலை ஆட்டுகிறது. முகத்தை மட்டும் வேறு பக்கம் திருப்புகிறது. "காட்டுக்குள்ளே கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிறேன்" என்கிறாராம் வீட்டுக்காரர். பிள்ளைகள் அழுகிறார்களாம்.

வீட்டுக்காரர் மேல் எனக்குக் கோபமில்லை. அது படும் பாட்டைப் பார்க்கப் பொறுக்காமல்தான் பலரும் அப்படிச் சொல்கிறார்கள். ஆனால் கண் தெரியாத நாய்க்குச் செம்பனைக்குள் தண்ணீர் இருக்கும் இடம்கூடத் தெரியாது. விலங்குகளை வதைப்பவருக்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம் என்று 2015ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம் சொல்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த நாய்க்குப் பார்வை திரும்ப வழி உண்டா என்பதல்லவா முதல் கேள்வி?

கடிதத்தை வைத்து நோயைச் சொல்லிவிட முடியாது. நீரிழிவு கண்ட நாய்க்குச் சில வாரங்களிலேயே கண் பால்போல் வெளுத்துவிடும். அது தண்ணீரும் நிறையக் குடிக்கும். சிறுநீரகம் கெட்ட கிழட்டு நாய்க்கு இரத்த அழுத்தம் ஏறிப் பார்வை போவதும் உண்டு. ஆனால் நம் பக்கத்தில் முதலில் சந்தேகப்பட வேண்டியது உண்ணிக் காய்ச்சலைத்தான்.

இது புதிய நோயல்ல. 1963இல் சிங்கப்பூரில் பிரிட்டிஷ் இராணுவத்தின் நாய்களைப் பிடித்தது. 1960களின் கடைசியில் வியட்நாம் போரில் அமெரிக்கப் படை நாய்கள் நூற்றுக்கு மேல் இதில் செத்தன. நாயின் காதிலும் விரலிடுக்கிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் பழுப்பு உண்ணிதான் கிருமியைக் கொண்டுவருகிறது. முதலில் காய்ச்சல் வரும், பிறகு தானே சரியானதுபோல் இருக்கும். நாமும் மறந்துவிடுவோம். மாதக்கணக்கில், சில நாய்களுக்கு வருடக்கணக்கில், கிருமி உள்ளேயே கிடக்கும். பிறகு ஈறு வெளுக்கும், மூக்கில் இரத்தம் வரும், வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளி தோன்றும். கண்ணுக்குள் இரத்தம் கசிந்தோ, விழித்திரை பிரிந்தோ ஒரே இரவில் பார்வை போவதும் இதனால்தான். அல்சேஷன் நாய்களை இது இன்னும் கடுமையாகத் தாக்கும்.

பார்வை இருக்கிறதா என்று பார்க்க, சத்தம் வராதபடி ஒரு பஞ்சுருண்டையைக் கண்ணெதிரே போடுங்கள். பார்வையுள்ள நாய் தலையைத் திருப்பும். டார்ச் லைட் அடித்தும் கருமணி சுருங்காமல் அகலமாகவே நின்றால் அன்றைக்கே மிருக வைத்தியரிடம் போக வேண்டும். சீக்கிரம் போனால் சில நாய்களுக்குப் பார்வை கொஞ்சமாவது திரும்புகிறது. நாள் கடத்தினால் கஷ்டம். தனியார் கிளினிக் செலவு கட்டாது என்றால் அரசாங்கத்தின் கால்நடைச் சேவை இலாகாவில் விசாரித்துப் பாருங்கள்.

இரத்தம் பார்த்து உண்ணிக் காய்ச்சல்தான் என்று தெரிந்தால் பெரும்பாலும் டாக்சிசைக்ளின் மாத்திரை தருவார்கள், நான்கு வாரத்துக்கு. மூன்றாம் நாளே நாய் எழுந்து சோறு தின்னும். இங்கேதான் நம் ஜனங்கள் தவறுகிறார்கள். மீதி மாத்திரை அலமாரிக்குப் போய்விடும். கொடுத்த கணக்கை முடியுங்கள், அதுவும் சாப்பாட்டோடு. காலண்டரில் பிள்ளைகளைக் கோடு போடச் சொன்னால் ஒரு வேளையும் தப்பாது.

பனடோல் கொடுக்காதீர்கள், அது நாயின் ஈரலைக் கெடுக்கும். ஆஸ்பிரினும் வேண்டாம், இரத்தக் கசிவு இன்னும் கூடிவிடும். உண்ணி போகட்டும் என்று மண்ணெண்ணெயையோ தோட்டத்துப் பூச்சி மருந்தையோ நாயின்மேல் ஊற்றுவது உண்ணியைவிட ஆபத்து. நாய்க்கென்றே உள்ள உண்ணி மருந்தை வைத்தியரிடம் கேட்டு வாங்குங்கள். ஒட்டியிருக்கும் உண்ணியைச் சாமணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள்; நகத்தால் நசுக்க வேண்டாம். நாயைத் தொடுவதால் இந்த நோய் பிள்ளைகளுக்கு ஒட்டாது.

சரி, பார்வை திரும்பவே இல்லை என்று வையுங்கள். நாய் உலகத்தை முதலில் மூக்காலும் காதாலும்தான் அறிகிறது. நாம் நினைக்கிற அளவு அது தவிப்பதில்லை. வாரக்கணக்கில் வீட்டைப் படித்துக்கொள்ளும். மேசை நாற்காலியை இடம் மாற்றாதீர்கள். தண்ணீர்ச் சட்டி ஒரே மூலையில் இருக்கட்டும், அதன் அடியில் ஒரு சாக்கு. காலில் சாக்குப் பட்டதும் இடம் புரியும். அஞ்சடிப் படியையும் முன்னால் ஓடும் கால்வாயையும் பலகை வைத்து மறையுங்கள். மோட்டார் சைக்கிளை அது நடக்கும் வழியில் நிறுத்தாதீர்கள். தொடுமுன் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். தூங்கும்போது திடுமென்று தொட்டால் நல்ல நாயும் கடிக்கும். இதைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். இரக்கப்பட்டு எப்போதும் தூக்கிக்கொண்டு போனால் அதற்கு வழியே பழகாது.

எலும்பு மஜ்ஜையே கெட்டு, இரத்தம் ஊறாமல் போன நாய்களும் உண்டு. அந்த நிலை என்று வைத்தியர் சொன்னால், வலியில்லாமல் ஊசி போட்டு அனுப்புவதை நான் தவறென்று சொல்ல மாட்டேன். பிள்ளைகளிடம் ஒளிக்காமல் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

இன்னொன்று: இரத்தம் குடித்துப் பருத்த பெண் உண்ணி நாயை விட்டு இறங்கிச் சுவரேறி, பலகை இடுக்கில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். ஆகவே நாய் படுக்கும் சாக்கை வாரம் ஒருமுறை வெந்நீரில் போடுங்கள், சுவர் வெடிப்பைப் பூசி அடையுங்கள். பக்கத்து வீட்டிலும் நாய் இருந்தால் அவர்களையும் சேர்த்துக்கொண்டு ஒரே நாளில் செய்யுங்கள்.