வெறும் புல்லா?

அம்பத்தூர், ஆவடி வழியே இரவில் ஓடும் நீலகிரி விரைவு வண்டியேறி, கோடை விடுமுறைக்கு உதகை சென்று வரும் குடும்பங்கள் நம்மிடையே பல. பூங்காவையும் படகையும் பற்றிப் பேசுவர். மரமற்ற புல்மேடுகளைப் பற்றிப் பேசுவாரில்லை. வெறும் புல்லென்றே நானும் ஒரு காலத்தில் எண்ணியிருந்தேன்.

ஆங்கிலேயரும் அவ்வாறே எண்ணினர். தரிசென்று கருதிச் சீகையையும் யூகலிப்டசையும் நட்டனர். (சீகை என்பது நம் சீயக்காய் அன்று, ஆஸ்திரேலிய மரம்.) விடுதலைக்குப் பின் நாமும் அதையே தொடர்ந்தோம். சீகை பரவிய இடத்தில் புல் மடிந்தது. புல் மடிந்தால், முக்குருத்திப் பாறைகளில் வாழும் நமது மாநில விலங்காகிய வரையாட்டுக்கு மேய்ச்சல் ஏது? இப்புல்வெளியும் மலைமடிப்புகளில் ஒதுங்கிய சோலைகளும் மழைநீரை உறிஞ்சிவைத்துச் சிறுகச் சிறுக விடுகின்றன. அங்கே பிறக்கும் பைக்காரா, மோயாறாகிப் பவானியைச் சேர்கிறது.

2022-இல் தமிழக அரசு வரையாட்டுத் திட்டத்தைத் தொடங்கிற்று. மாநிலம் முழுவதும் 2024-இல் எண்ணப்பட்டவை 1,031, 2025-இல் 1,303. சீகையை அகற்றிப் புல் வளர்க்கும் பணியும் நடைபெறுகிறது. அகற்றுவது எளிதன்று, அன்பர்களே! மரத்தை வெட்டிய பின்னும், மண்ணில் கிடக்கும் விதைகள் பல்லாண்டுகள் முளைத்துக்கொண்டேயிருக்கும்.