காலுக்குத் தரை இல்லாத ஆட்டம்

நீச்சல் தெரியாத நான் வாட்டர் போலோவைப் பற்றி எழுதப் போகிறேன் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள். என் அண்ணன் மகளும் அப்படித்தான் சிரித்தாள். ஆனால் அவள் கேட்ட ஒரு கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. அதைத் தேடிப் போனதில் அறிந்துகொண்டதைத்தான் இந்த வாரம் உங்களிடம் சொல்கிறேன்.

அண்ணன் இருப்பது தொட்டியத்தில். முசிறிக்கு மேற்கே, காவிரியின் வடகரையில் உள்ள ஊர். திரும்பின பக்கமெல்லாம் வாழைத் தோட்டம். அகண்ட காவிரி என்று சொல்கிறோமே, அந்த விரிந்த ஆறு ஊருக்குப் பக்கத்தில்தான் ஓடுகிறது. அண்ணனுக்கு ஒரு பையன், ஒரு பெண். பையன் ஆறு வயதிலேயே தோட்டத்துக் கிணற்றில் வாழைமரத் துண்டைப் பிடித்துக்கொண்டு நீந்தப் பழகியவன். பெண்ணோ, கிணற்று மேட்டில் உட்கார்ந்து அவன் சட்டைக்குக் காவல் இருந்தவள்!

2024 ஆடிப் பதினெட்டன்று அண்ணியும் பெண்ணும் காதோலை கருகமணியை ஆற்றில் விடப் போனார்கள். முழங்காலளவு ஜலம்தான். ஆனால் இரண்டடி தள்ளி ஒரு மணல் பள்ளம் இருந்தது யாருக்கும் தெரியவில்லை. பெண் அதில் காலை வைத்துவிட்டாள். பக்கத்தில் நின்ற ஒரு பாட்டியம்மாள் அவள் பின்னலைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டாள். அந்தப் புண்ணியவதியின் கைக்குப் பின்னல் அகப்படாமல் போயிருந்தால்? அதற்கு மேல் நினைக்க எனக்குத் தைரியமில்லை.

அன்றே வீட்டில் தீர்ப்பாகிவிட்டது. "இனிமே நீ ஆத்துப் பக்கமே போகக் கூடாது!"

ஒரு வாரம் கழித்து நான் போயிருந்தேன். பாரிஸ் ஒலிம்பிக்கில் பெண்கள் வாட்டர் போலோ இறுதி ஆட்டம். பையனின் செல்போனில் மூவருமாகப் பார்த்தோம். ஸ்பெயின் நாட்டுப் பெண்கள் ஆஸ்திரேலியாவை 11-9 என்று ஜெயித்தார்கள். யார் ஜெயித்தார்கள் என்பதில் எங்கள் பெண்ணுக்கு அக்கறையே இல்லை. "அத்தை, இவங்களுக்குக் காலுக்குக் கீழே தரையே இல்லையே! எதுமேல நிக்கறாங்க?" என்றாள்.

நான் விழித்தேன். பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

இந்த ஆட்டத்தில் ஒரு கட்சிக்கு ஏழு பேர். அதில் ஒருவர் கோல் காப்பவர். எட்டு எட்டு நிமிஷமாக நான்கு பகுதி. விசில் ஊதி ஆட்டம் நிற்கும்போதெல்லாம் கடிகாரமும் நிற்கும். ஆகவே முடிய ஒரு மணிக்கு மேல் ஆகிவிடும். கோல் கம்பங்களுக்கு நடுவே 3 மீட்டர் அகலம். மேல் சட்டம் ஜலத்துக்கு மேல் 90 சென்டிமீட்டர். பெண்களுக்கான பந்து கால்பந்தைவிடக் கொஞ்சம் சிறியது. காதுக்குக் காப்பு வைத்த குல்லாயை எல்லோரும் அணிகிறார்கள். கோல் காப்பவருக்குச் சிவப்பு.

முக்கியமான விதிகள் மூன்று. முதலாவது, அடித்தரையில் காலை ஊன்றி ஆடக் கூடாது. இரண்டாவது, பந்தை ஒரு கையால்தான் தொடலாம். கோல் காப்பவர் மட்டும் தம் எல்லைக்குள் இரு கைகளையும் உபயோகிக்கலாம். மூன்றாவது, எதிரி நெருக்கும்போது பந்தை ஜலத்துக்குள் அமுக்கி ஒளிக்கக் கூடாது. பந்தைக் கையில் பிடித்திருப்பவரை எதிரி மடக்கலாம். பந்தை விட்டுவிட்டவரைப் பிடித்து இழுத்தால் குற்றம். பெரிய குற்றம் செய்தவர் சில விநாடிகள் ஆட்டத்துக்கு வெளியே போக வேண்டும். அப்படி மூன்று முறை ஆனால் அன்றைய ஆட்டம் அவருக்கு முடிந்தது.

சரி, அவர்கள் நிற்பது எதன் மேல்? தங்கள் கால்களின் மேலேயே! முழங்கால்களை அகட்டி, நாற்காலியில் உட்கார்ந்தாற்போல் இருக்கிறார்கள். ஒரு குதிகாலைப் பின்னுக்கு இழுத்து, வெளியே விரித்து, முன்புறமாகச் சுற்றி உள்ளே கொண்டுவருகிறார்கள். அது முடிவதற்குள் அடுத்த கால் எதிர்ப்பக்கமாகச் சுற்றத் தொடங்கிவிடும். இங்கிலீஷ்காரர்கள் இதற்கு முட்டை அடிக்கும் கருவியின் பெயரை வைத்திருக்கிறார்கள். நமக்கு மோர் கடையும் மத்து ஞாபகம் வந்தால் போதும். கால்கள் கடைந்துகொண்டே இருக்கும். தலை மேலே நிற்கும். கைகளுக்குப் பந்து பிடிக்க ஒழிவு கிடைக்கும்.

கெட்டிக்காரப் பெண்! அன்று ராத்திரியே பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்து கால்களால் மோர் கடைய ஆரம்பித்துவிட்டாள்.

"பெண்களுக்கு ஏன் இந்த வம்பு?" என்றான் அண்ணன். ஒலிம்பிக்கிலும் அப்படித்தான் நினைத்தார்கள் போலும். ஆண்களுக்கு 1900-லேயே வந்த ஆட்டம், பெண்களுக்கு 2000-ல் ஸிட்னியில்தான் வந்தது. நூறு வருஷம்! நம் தேசத்துக்கும் இது புதிதல்ல. 1951-ல் டில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில் வாட்டர் போலோவில் தங்கம் வாங்கியது நம் ஆண்கள் அணிதான். 1970-ல் பாங்காக்கில் வெள்ளி, 1982-ல் மறுபடி டில்லியில் வெண்கலம்.

இதையெல்லாம் சொன்னபோது அண்ணன் அசையவில்லை. அண்ணிதான் அடுப்படியிலிருந்து, "பள்ளத்துல விழுந்தது பையனா இருந்தா மேலே வந்திருப்பான், இல்லையா?" என்று கேட்டாள். அண்ணன் வாயே திறக்கவில்லை.

அடுத்த கோடை விடுமுறைக்குப் பெண் ஸ்ரீரங்கத்தில் பாட்டி வீட்டுக்கு வந்துவிட்டாள். தினமும் காலையில் திருச்சி நீச்சல் குளத்துக்குப் போய், பயிற்சி தருபவரின் கண் எதிரில் பழகினாள். முதல் வாரம் மூச்சு விடப் பழகியதோடு சரி. இரண்டாவது வாரம் மிதந்தாள். மூன்றாவது வாரம்தான் மோர் கடைதல். கடைசி நாள் நானும் போயிருந்தேன். ஆழமான பக்கத்தில் இரு கைகளையும் ஜலத்துக்கு மேலே தூக்கிக்கொண்டு, நான் நாற்பது எண்ணும் வரை நின்றாள். பந்து விளையாட இன்னும் நாள் இருக்கிறது. சேர்ந்து ஆட ஆறு பெண்களும் வேண்டுமே!

அந்த ஆடிப் பதினெட்டுக்கு அண்ணன் தடை சொல்லவில்லை. ஆனால் பெண் முதல் படியைத் தாண்டி இறங்கவில்லை. "இப்பத்தான் நீந்தத் தெரியுமே, பயமா?" என்று கேட்டேன்.

"குளத்துல ஆழம் எவ்வளவுன்னு சுவத்துல எழுதியிருக்கும் அத்தை. ஆத்துல எழுதலையே!" என்றாள்.

நீச்சல் கற்றவளுக்குத்தான் ஆற்றின் மரியாதை தெரிகிறது. உங்கள் வீட்டுப் பெண்ணை ஆற்றுக்குப் போகாதே என்று தடுக்கிறீர்களா? தடுங்கள். கூடவே, தெரிந்தவர் ஒருவரிடம் அனுப்பி, காலுக்குத் தரை இல்லாத இடத்தில் நிற்கவும் கற்றுக்கொடுங்கள். எல்லாப் பள்ளத்துக்குப் பக்கத்திலும் ஒரு பாட்டியம்மாள் நிற்கமாட்டாள்.

நானா? அடுத்த மாதம் சேருவதாக இருக்கிறேன். பெஞ்சு ஓரத்தில் நன்றாகவே கடைகிறேன்!